ஓடிக்கொண்டே எறிந்தவர்

சூப்பர் பவுலின் தந்திர ஆட்டங்கள் என்று பேச்செடுத்தால் இன்றைய ரசிகர்கள் உடனே 2018இல் பிலடெல்ஃபியா அணி ஆடிய ஆட்டத்தைச் சொல்கிறார்கள். நான்காம் டவுனில் அதைக் கூப்பிட பயிற்சியாளர் டக் பீடர்சனுக்கு இருந்த துணிச்சலை நானும் மெச்சுகிறேன். ஆனால் ட்ரே பர்ட்டன் எறிந்தது ஒரே ஒரு கெஜம். நிக் ஃபோல்ஸைச் சுற்றி ஆளே இல்லை. பயிற்சியாளரின் பெருமையை எறிந்தவர் கணக்கில் எழுத வேண்டாம். எறிதலைப் பார்க்க வேண்டுமென்றால் 2006 பிப்ரவரிக்கு, டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டும்.

ஸ்டீலர்ஸ் 14, சீஹாக்ஸ் 10. நான்காம் கால்பகுதி. ஸ்டீலர்ஸின் ஐக் டெய்லர் அப்போதுதான் சீஹாக்ஸ் குவாட்டர்பேக் ஹாசல்பெக்கின் பந்தைப் பறித்திருந்தார். ராத்லிஸ்பெர்கர் இடப்பக்கம் வில்லி பார்க்கருக்குத் தட்டிவிட, எதிர்த் திசையில் வந்த ரிசீவர் ஆண்ட்வான் ராண்டில் எல் அதை வாங்கி வலப்பக்கம் ஓடினார். அந்த ஓட்டத்தைத் திரும்பப் போட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள். நிற்கவே இல்லை. முழு வேகத்தில் ஓடியபடியே தோளைத் திருப்பி எறிகிறார். 43 கெஜம். ஹைன்ஸ் வார்ட் வேகம் குறைக்காமல் வாங்கி உள்ளே பாய்ந்தார். சூப்பர் பவுலில் ஒரு ரிசீவர் எறிந்த முதல் டச்டவுன் அதுதான். வாங்கிய வார்டும் ஜார்ஜியா கல்லூரிக்குக் குவாட்டர்பேக் ஆடியவர். பந்து எங்கே வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ராண்டில் எல்லின் அந்தத் தோள் ப்ளூமிங்டனில் பழகியது. 1998 முதல் 2001 வரை இந்தியானா பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக்காக ஆடினார். அணி நான்கு ஆண்டிலும் ஒரு பவுல் ஆட்டத்தைக்கூட எட்டவில்லை. முன்வரிசை உடைந்தால் ஓடுவார். ஓடும்போது யாராவது தனித்து நின்றால் எறிவார். கல்லூரி முதல்நிலை ஆட்டத்தில் எறிந்து 40, ஓடி 40 டச்டவுன்களை முதலில் தாண்டியவர் இவர்தான். தோற்கும் அணியில் ஆடியதால் பாதிப் பேர் பார்க்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

உயரம் 5 அடி 10 அங்குலம். 2002 வீரர் தேர்வில் ஸ்டீலர்ஸ் இரண்டாம் சுற்றில் எடுத்தது, ரிசீவராக. அதே உயரமுள்ள கைலர் மரே 2019இல் முதல் ஆளாக, குவாட்டர்பேக்காகவே எடுக்கப்பட்டார். ராண்டில் எல் சீக்கிரம் பிறந்துவிட்டார் என்று அனுதாபப்படுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பருவத்தின் பிளேஆஃபிலேயே கிளீவ்லாண்டுக்கு எதிராக 66 கெஜம் பன்ட் திருப்பி டச்டவுன் போட்டார். ரிசீவராக நின்றதால் எதற்கும் குறைந்துபோகவில்லை. 2011இல், பேக்கர்ஸிடம் தோற்ற சூப்பர் பவுலில், ராத்லிஸ்பெர்கர் ஆப்ஷன் ஓடி இவருக்குத் தட்டிவிட, இரண்டு புள்ளி சேர்த்தார். கல்லூரியில் தட்டிவிட்டுப் பழகியவர், அன்று வாங்கும் இடத்தில் நின்றார்.

இப்போது வாரம் ஒரு ரிசீவர் பந்தெறிகிறார். பின்னுக்குப் பந்தைத் தட்டிக்கொடுக்கிறார்கள். அவர் காலை ஊன்றி, நிதானித்து, ஒரு முறை பார்த்துவிட்டு எறிகிறார். அதற்குள் தடுப்பாளர் விழித்துக்கொள்கிறார். ஓட்டத்தோடு எறியும் பழக்கத்தை யாரும் வளர்ப்பதாகத் தெரியவில்லை. ரிசீவர் எறிந்த பந்துகளில் 2006 டெட்ராய்ட்டுக்கு மேல் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.