அரங்கேறும் சொல்

நாளிதழின் முதல் பக்கத்தில், பட்டப்பகலில் அரங்கேறிய கொலை. கலைப் பக்கத்தில், சலங்கை கட்டிய சிறுமியின் பரதநாட்டிய அரங்கேற்றம். சிலப்பதிகாரத்தின் மூன்றாம் காதைக்கே 'அரங்கேற்று காதை' என்று பெயர். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி, 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என அளந்து அமைத்த அரங்கில் சோழன் முன் ஆடுகிறாள். புலவர் தம் நூலை அவையில் படித்து ஒப்புதல் பெறுவதும் அரங்கேற்றம்தான். 1973இல் வந்த கே. பாலசந்தர் படத்துக்கும் அதுவே தலைப்பு.

செய்தியில் இச்சொல் வரும்போது, ஊரறிய நடந்தது என்ற அழுத்தம் கிடைக்கிறது. 'நடந்தது' என்றால் அந்த வலு இல்லை. ஆனாலும் பல்லாண்டுப் பயிற்சியும் குருவின் ஆசியும் ஏறிய சொல்லைக் கொலைக்குத் தர எனக்கு மனம் வருவதில்லை. அது சலங்கைக்கும் ஏட்டுக்குமே உரியது.