உளி நிற்கக் கட்டை சுழலும்

மரச்செதுக்கு அச்சில் வளைவு ஒன்று பிறப்பதைப் பார்த்தவர்கள், இக்கலை அசைவுக்கு ஏன் இவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்று கேட்கமாட்டார்கள். மணல் அடைத்த தோல் பையின்மேல் கட்டை இருக்கும். ஒரு கை உளியை நிலையாகத் தள்ள, மறு கை கட்டையைத் திருப்பிக்கொண்டே வரும். அழுத்தம் கூடினால் கோடு பருக்கும். தளர்ந்தால் மெலிந்து மறையும். நீளவாக்கில் அறுத்த பலகையில் நாரோட்டம் உளியைத் தன் போக்கில் இழுக்கும். பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்து வழவழப்பாக்கிய முகத்தில் எத்திசையிலும் போகலாம்.

இந்தச் சுதந்திரத்தின் பயனை உலகுக்குக் காட்டியவர் நியூகாசிலின் தாமஸ் பியூவிக் (1753–1828). உளி பட்ட இடம் வெள்ளை, படாத இடம் கறுப்பு. இருளைக் கீறி ஒளியை எடுக்கும் முறை அவரிடம் முதிர்ந்தது. பின்வந்த பத்திரிகைப் பட்டறைகளில் பிறர் வரைந்ததை நகலெடுப்பதே தொழிலாயிற்று. கைத்திறன் வியக்க வைக்கும். கோட்டில் உயிர் இராது.

வரைபவரே செதுக்க வேண்டும் என்று வற்புறுத்திய நோயல் ரூக், ராபர்ட் கிப்பிங்ஸ், குவென் ராவராட் முதலியோர் 1920இல் பிரிட்டனில் மரச்செதுக்காளர் சங்கம் கண்டனர். 1925இல் லியோன் அண்டர்வுட்டும் அவரைச் சார்ந்த இளையவர்களும் தனிச் சங்கம் அமைத்தனர். முன்னவர்களிடம் நூலழகு மிகுதி, பின்னவர்களிடம் துணிவு மிகுதி. என் மனம் பின்னவர்கள் பக்கமே சாய்கிறது. கார்க் கண்ணாடி வழியே இரவுச் சாலையைச் செதுக்கிய கெர்ட்ரூட் ஹெர்ம்ஸிடம் வேகம் என்பது வெளிச்சக் கோடுகளின் பாய்ச்சல்தான்.

ஆயினும் அருவத்தின் வாசலை நெருங்கியவர் பால் நாஷ். 1924இல் நன்சச் அச்சகம் வெளியிட்ட ‘ஜெனிசிஸ்’ நூலுக்கு அவர் 12 செதுக்குகள் செய்தார். படைப்பின் தொடக்கத்தில் காட்டுவதற்கு உருவமே இல்லை. ஒளி இருளிலிருந்து பிரிவதைக் கோடுகளின் சாய்வும் நெருக்கமும் மட்டுமே சொல்ல வேண்டியிருந்தது, சொல்லின.

அருவச் செதுக்கை மதிப்பிட நான் பார்ப்பது இரண்டு. கோட்டின் தொடக்கமும் முடிவும் வேறுபட்டுத் தெரிகின்றனவா? எஞ்சிய கறுப்பு வெறும் பின்புலமாகக் கிடக்காமல் எதிர்த்துத் தள்ளுகிறதா? ஒரே தள்ளலில் பல இணைகோடுகள் போடும் உளி இங்கே பெரும் சோதனை. அதன் சீரான கோடுகள் அசைவை உறைய வைத்துவிடும். பிளேர் ஹியூஸ்-ஸ்டான்டன் போன்றவர் கையில் மட்டும் அந்த மென்கோடுகள் உடலைச் சுற்றிவரும் காற்றாகின்றன.