சப்ஜெக்ட்: யாருக்கு எந்த அர்த்தம்?

'எத்தனை சப்ஜெக்ட்டில் அரியர்ஸ்?' என்று கல்லூரிப் பையனைக் கேட்கிறோம். 'கிராமத்து சப்ஜெக்ட் ஒண்ணு வச்சிருக்கேன் சார்' என்று உதவி இயக்குநர் தயாரிப்பாளரிடம் சொல்கிறார். பேச்சு சங்கடமான பக்கம் திரும்பினால் 'சப்ஜெக்ட்டை மாத்துங்கப்பா' என்கிறோம். பரஸ்பர நிதி விளம்பரங்களின் கடைசியில் மூச்சுவிடாமல் ஓடும் எச்சரிக்கையில் இதே சொல் வேறு முகத்தோடு வருகிறது. அங்கே அதற்கு 'உட்பட்டது' என்று அர்த்தம். ஆங்கில அகராதியைப் புரட்டினால் பட்டியல் இன்னும் நீளும்: வாக்கியத்தின் எழுவாய், அரசரின் பிரஜை, தத்துவத்தில் உலகை அறிகிற 'நான்', ஓவியர் வரையும் ஆள், ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படும் ஆள், மருத்துவ மாணவர் அறுத்துப் படிக்கும் பிணம்.

அகராதி இவற்றுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, ரேஷன் கடை வரிசை மாதிரி நிறுத்திவைக்கிறது. ஒன்றுக்கொன்று தள்ளுமுள்ளு கிடையாது. ஆனால் வரலாற்றில் இந்த அர்த்தங்கள் இப்படி ஒழுங்காக நின்றதில்லை. யாருக்கு எந்த அர்த்தம் கிடைக்கும் என்பதை அகராதிக்கு வெளியே இருக்கிற ஒன்று தீர்மானித்திருக்கிறது. அந்த 'ஒன்று' எது என்பதுதான் இங்கே நம் விஷயம். சப்ஜெக்ட் என்றும் சொல்லலாம்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் 'சுப்' என்றால் கீழே; 'யாகெரே' என்றால் எறிதல். கீழே எறியப்பட்டது, கீழே கிடப்பது. பண்புகள் எல்லாம் எதன்மேல் தங்கியிருக்கின்றனவோ அந்த அடிப்படைக்கு அரிஸ்டாட்டில் வைத்த கிரேக்கச் சொல்லை மொழிபெயர்க்க இலத்தீன்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மரம் பச்சையாக இருக்கிறது என்றால், பச்சை மரத்தின்மேல் தங்குகிறது; மரம் கீழே கிடந்து தாங்குகிறது. இன்னொரு பக்கம், அதே சொல் அரசனின் காலடியில் இருப்பவனையும் குறித்தது. தாங்குகிறவன், அடங்குகிறவன் என்ற இரண்டு கிளைகளும் ஒரே வேரில் முளைத்தவை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இடைக்காலத் தத்துவத்தில் 'சப்ஜெக்டிவ்' என்றால் பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறதோ அது. மனதுக்குத் தோன்றுகிறபடி இருப்பதற்குப் பெயர் 'அப்ஜெக்டிவ்'. இன்று நாம் சொல்வதற்கு நேர் தலைகீழ். இந்தத் தலைகீழ் மாற்றம் நடந்ததை ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட 'கீவேர்ட்ஸ்' நூலில் விளக்கியிருக்கிறார். கீழே கிடந்தது எழுந்து நின்று, உலகைப் பார்க்கிற 'நான்' ஆகிவிட்டது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் இந்த இரட்டை அர்த்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அரசின் கருத்தியல் சாதனங்கள் பற்றிய 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் அல்தூசர் ஒரு தெருக்காட்சியைத் தருகிறார். போலீஸ்காரர் பின்னாலிருந்து கூப்பிடுகிறார். நடந்துபோகிறவர் திரும்பிப் பார்க்கிறார். திரும்பிய அந்தக் கணத்தில் அவர் 'சப்ஜெக்ட்' ஆகிவிடுகிறார். தன்னைச் சுதந்திரமான 'நான்' என்று உணர்வதும் அதிகாரத்துக்கு அடங்குவதும் ஒரே செயலில் நடக்கின்றன. ஃபூக்கோவும் 1982இல் இந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களைச் சுட்டினார்: பிறருடைய கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர், தன் அடையாளத்தோடு தானே கட்டுண்டவர். மொழிபெயர்ப்பாளர்களின் திண்டாட்டம் இங்கே ஆரம்பித்தது. ஜெர்மனில் தத்துவத்தின் 'நான்'-க்கு 'சுப்யெக்ட்', அரசனின் பிரஜைக்கு 'உன்டர்டான்' என்று தனித்தனிச் சொற்கள். சிலேடை அங்கே எடுபடாது. தமிழில் நாம் 'தன்னிலை' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அதில் 'தான்' கேட்கிறது, அடங்குதல் கேட்கவில்லை. 'எழுவாய்' என்றால் எழுவது, தொடங்குவது. இலத்தீன் சொல் கீழே கிடக்கிறது, தமிழ்ச் சொல் எழுந்து நிற்கிறது. 'பிரஜை' என்ற வடசொல்லுக்கோ பிள்ளை என்றும் அர்த்தம்; அரசன் அப்பனாகிவிடுகிறான். ஆக, சிலேடையைத் தமிழில் தவறவிட்டோம் என்ற குறை நம்மிடம் உண்டு.

அதெல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சிலேடை முழு உண்மையைச் சொல்கிறதா? எல்லோரும் ஒரே சமயத்தில் 'நான்' ஆகவும் அடங்கியவராகவும் இருக்கிறோம் என்கிறது அது. சொல் புழங்கிய சட்டத்துக்கும் கப்பலுக்கும் மருத்துவமனைக்கும் போய்ப் பார்த்தால் கதை வேறு.

1608இல் இங்கிலாந்தில் கால்வின் வழக்கு நடந்தது. ஸ்காட்லாந்தின் அரசரே 1603இல் இங்கிலாந்துக்கும் அரசரானார். அதற்குப் பிறகு ஸ்காட்லாந்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு இங்கிலாந்தில் நிலம் வைத்திருக்கும் உரிமை உண்டா? உண்டு என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி எட்வர்ட் கோக் எழுதிவைத்த கோட்பாட்டின்படி அடங்குதலும் பாதுகாப்பும் ஒன்றையொன்று இழுத்துவரும். பிரஜை கீழ்ப்படிய வேண்டும், அரசர் காக்க வேண்டும். அதாவது 'சப்ஜெக்ட்' என்பது அடிமைச் சொல் மட்டுமில்லை, உரிமை கேட்கும் சொல்லும்கூட.

இந்த உரிமைப் பக்கம் எவ்வளவு தூரம் நீளும் என்பதை 1850இல் ஏதென்ஸ் பார்த்தது. டான் பசிஃபிகோ என்ற யூத வணிகரின் வீட்டை 1847இல் ஒரு கும்பல் சூறையாடியிருந்தது. அவர் தன்னை ஜிப்ரால்டரில் பிறந்த பிரிட்டிஷ் சப்ஜெக்ட் என்று சொல்லி நஷ்டஈடு கேட்டார். வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் போர்க்கப்பல்களை அனுப்பி கிரேக்கத் துறைமுகத்தை முற்றுகையிடவைத்தார். பழைய ரோமானியக் குடிமகன் எங்கே போனாலும் ரோம் அவனுக்குத் துணைநின்ற மாதிரி பிரிட்டிஷ் சப்ஜெக்டுக்கு இங்கிலாந்து துணைநிற்கும் என்று நாடாளுமன்றத்தில் முழங்கினார். ஒரு வீட்டுச் சாமானுக்காக ஒரு கடற்படை!

எட்டு வருஷம் கழித்து, 1858இல், விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்தது. மற்ற சப்ஜெக்டுகளுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோமோ அதே கடமை இந்தியர்களுக்கும் உண்டு என்று அது வாக்களித்தது. அந்த வாக்கை நம்பிக் கப்பலேறினால் என்ன ஆகும்? 1914 மே 23 அன்று கோமகாட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் 376 பயணிகளோடு வான்கூவர் வந்து சேர்ந்தது. பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். எல்லோரும் பிரிட்டிஷ் சப்ஜெக்டுகள். அவர்களை மறித்த அதிகாரிகளும் பிரிட்டிஷ் சப்ஜெக்டுகளே. கனடியக் குடியுரிமை என்ற தனி ஏற்பாடு 1947இல்தான் வந்தது. சொல் ஒன்றுதான், ஆனால் கரையில் நிற்பவருக்கு ஓர் அர்த்தம், கப்பலில் நிற்பவருக்கு வேறு அர்த்தம். 1908ஆம் ஆண்டு விதி ஒன்று, சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாப் பயணமாக வந்தால்தான் இறங்கலாம் என்றது. இந்தியாவிலிருந்து அப்படி வர வழியே இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். விதியில் 'இந்தியர்' என்ற சொல்லே கிடையாது! அதுதான் அதன் சாமர்த்தியம். நீதிமன்றமும் கைவிட்டது. இரண்டு மாதம் தண்ணீரில் நின்ற கப்பலைப் போர்க்கப்பலைக் காட்டி ஜூலை 23 அன்று திருப்பியனுப்பினார்கள். செப்டம்பரில் கல்கத்தா அருகே பஜ்பஜ்ஜில் இறங்கியபோது துப்பாக்கிச்சூடு. பயணிகளில் ஏறத்தாழ இருபது பேர் செத்தார்கள். கனடியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2016இல்.

பசிஃபிகோவுக்காகக் கப்பல் போனது, கோமகாட்டா மாருவுக்கு எதிராகக் கப்பல் வந்தது. கோக் ஒன்றாகக் கட்டிவைத்த அடங்குதலும் பாதுகாப்பும் இங்கே பிரிந்து கிடக்கின்றன. முதல் பாதி எல்லோருக்கும், இரண்டாம் பாதி சிலருக்கு மட்டும்.

பெண்களின் கதையும் இதே கதைதான். பெண்கள் அடக்கிவைக்கப்பட்டிருப்பதைப் பற்றி ஜான் ஸ்டூவர்ட் மில் 1869இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே இந்த வேர்ச்சொல் இருக்கிறது. அடுத்த வருஷமே, 1870இல், வேற்று நாட்டவரை மணக்கும் பிரிட்டிஷ் பெண் பிரிட்டிஷ் சப்ஜெக்டாக நீடிக்க முடியாது என்று சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அது முழுதாக நீங்கவில்லை. வீட்டுக்குள் அவள் அடங்கியவள், நாட்டின் கணக்கிலோ அந்தச் சொல்கூட அவளுக்குச் சொந்தமில்லை.

உடம்புக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் அறுவைக்கூடங்களில் 'சப்ஜெக்ட்' என்றால் பிணம். பிணத்துக்கு நல்ல விலை இருந்ததால் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 1828 வாக்கில் 16 பேரைக் கொன்று விற்றார்கள். இதற்குத் தீர்வாக வந்த 1832ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டம், ஏழைகள் விடுதிகளில் இறந்து யாரும் கேட்டுவராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழிசெய்தது. கொலை நின்றது, மேசைக்கு வருபவரின் வர்க்கம் மாறவில்லை.

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932இலிருந்து 1972வரை பொதுச் சுகாதாரத் துறை ஓர் 'ஆய்வு' நடத்தியது. 399 கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ். நோயில்லாத 201 பேர் ஒப்பீட்டுக்கு. 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்கள். 1940களில் பென்சிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல், நோய் எப்படிக் கொல்கிறது என்று குறிப்பெடுத்தார்கள். அறிவியல் நடையில் இவர்கள் எல்லாம் 'சப்ஜெக்ட்ஸ்'. பரிசோதிக்கப்பட்டார்கள், பதியப்பட்டார்கள், அறுக்கப்பட்டார்கள் என்று எழுதும்போது இலக்கணத்தில் அவர்களே எழுவாய். செயப்பாட்டு வாக்கியத்தில் எழுவாய் எதையும் செய்வதில்லை, படுகிறது. ஆய்வில் பங்கெடுப்பவரை மரியாதையோடு நடத்த வேண்டும் என்று 1979இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. 'பங்கேற்பாளர்' என்ற சொல்லும் பிறகு பரவலாகியது. பெயர் மாற்றினால் போதுமா என்பது வேறு சப்ஜெக்ட்.

இப்போது அல்தூசரின் தெருவுக்குத் திரும்பலாம். அவருடைய போலீஸ்காரர் யாரையும் கூப்பிடலாம். திரும்புகிறவரும் யாராகவும் இருக்கலாம். கோட்பாட்டுக்கு முகம் தேவைப்படவில்லை. ஆனால் சிலரைக் கூப்பிட்டு 'சார், பர்ஸ் விழுந்துடுச்சு' என்கிறார்கள். சிலரைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்துகிறார்கள். இந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டு, 'நாம் எல்லோரும் கட்டமைக்கப்பட்ட தன்னிலைகள்' என்று எழுதுவது சுலபம். நம் சிற்றிதழ்ப் பக்கங்களில் அது ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது. சிலேடை பொய்யில்லை, அது பங்கீட்டைச் சொல்லவில்லை என்பதுதான் என் புகார்.

பங்கீட்டைச் சொல்லும் சொல் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. 'ஆள்' என்றால் மனிதர். 'பெரிய ஆள்' என்கிறோம். 'நாலு ஆள் கூலி' என்கிறபோது அது உழைப்பின் அளவு. 'அவரு மந்திரியோட ஆளு' என்கிறபோது அடியாள். வினையாக்கினாலோ 'ஆள்' என்பது ஆட்சி செய்வது. ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் ஒரே ஒலி. 'கஷ்டப்பட்டுப் பிள்ளையை ஆளாக்கிட்டேன்' என்று ஒரு தாய் சொல்கிறாள்: மனிதனாக்கினேன் என்கிறாள். 'சித்திரவதைக்கு ஆளானார்' என்று செய்தித்தாள் எழுதுகிறது: உட்பட்டார் என்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்கிய இரட்டை அர்த்தம் நம் திண்ணையில் சும்மா கிடக்கிறது. நாமோ பாரிஸ் பக்கம் பார்த்துக்கொண்டு தமிழில் இல்லையே என்கிறோம்.

ஒரு முக்கியமான வேறுபாடும் இருக்கிறது. துன்பப்படும் அர்த்தத்தில் 'ஆளானார்' என்று மொட்டையாக எழுத முடியாது. அவமானத்துக்கு, தடியடிக்கு, சந்தேகத்துக்கு என்று நான்காம் வேற்றுமை உருபு 'கு' முன்னால் வந்தாக வேண்டும். எதற்கு என்று சொல்லாமல் வாக்கியம் முடியாது. 'தன்னிலை' என்று எழுதும்போது இந்தக் கேள்வியிலிருந்து தப்பிவிடலாம். அந்தக் கலைச்சொல்லைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, புழங்கட்டும். ஆனால் அடுத்த முறை யாராவது தன்னிலை பற்றிப் பேசினால், அந்தச் சின்ன உருபைச் சேர்த்துக் கேட்போம்: யாருக்கு ஆள்? எதற்கு ஆள்? கப்பலிலா, கரையிலா?