குடியரசும் புள் நிமித்தமும்

குடியரசு என்பது மக்களின் உடைமை! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோமாபுரியில் இப்படி இலக்கணம் வகுத்தார் சிசரோ. மன்னனின் உடைமையன்று, மதகுருவின் உடைமையன்று, மக்களின் உடைமை! கி.மு. 54 முதல் 51 வரை அவர் எழுதிய ‘குடியரசு’ எனும் நூலை அரசியல் கற்கும் இளைஞர் அனைவரும் படித்திட வேண்டும் என்போம். படித்த பின், அவரைக் கேள்வி கேட்டிடவும் வேண்டும் என்போம்.

உடைமை மக்களுடையது, சரி. திறவுகோல் யாரிடம்?

ரோமாபுரியின் உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த பேரவையிலே தலைக்கொரு வாக்கு இல்லை, தொகுதிக்கொரு வாக்கு. தொகுதிகள் 193. செல்வர்க்குப் பல, ஏதுமற்ற ஏழைகள் எத்தனை ஆயிரவர் ஆயினும் அவர்க்கு ஒன்றே ஒன்று! செல்வர் முதலில் வாக்களிப்பர். பெரும்பான்மை கிட்டியதும் வாக்கெடுப்பு முடிந்துவிடும். ஏழை வந்த வழியே திரும்புவான். சிசரோ இதைக் கண்டித்தாரா? இல்லை. எண்ணிக்கையில் மிகுந்தோர் அதிகாரத்திலும் மிகுந்திடலாகாது என்பதற்கான நல்ல ஏற்பாடு என்று பாராட்டுகிறார்!

பணம் போட்ட பூட்டு போதாதென்று பக்தியும் ஒரு பூட்டுப் போட்டது. பறவை பறக்கும் திசையையும் மின்னலையும் கண்டு, சகுனம் சரியில்லை என நிமித்திகர் கூறினால், கூடிய அவை கலைந்திட வேண்டும். நம் நாட்டுப் பல்லி பயணத்தைத்தான் தடுக்கும். அந்நாட்டுப் பறவை சட்டத்தையே தடுத்தது! சீசர் நிலச்சட்டம் கொண்டுவந்த கி.மு. 59ஆம் ஆண்டில், உடன் ஆட்சித் தலைவராயிருந்த பிபுலஸ் வீட்டினுள் அடைந்துகொண்டு, தாம் வானத்தில் நிமித்தம் பார்ப்பதாக அறிவித்தபடி இருந்தார். சீசரின் சட்டங்கள் செல்லா என வாதிட எதிரிகளுக்கு அதுவே கருவியாயிற்று.

சிசரோ இதை நம்பினாரா? கி.மு. 44இல் எழுதிய நூலில், வருவது உரைக்கும் கலையை நார்நாராகக் கிழிக்கிறார். ஆனால், பாமரர் நம்பிக்கைக்காகவும் அரசின் நன்மைக்காகவும் நிமித்தம் நிலைத்திட வேண்டும் என்றும் அதிலேயே உரைக்கிறார். ‘சட்டங்கள்’ என்ற நூலிலோ, அவையைக் கலைத்திடும் நிமித்திகரின் அதிகாரத்தைப் புகழ்கிறார். அந்த நிமித்திகர் குழுவில் அவரும் ஒருவர்! அறிவுக்கு ஒரு பேச்சு, ஆதிக்கத்துக்கு ஒரு பேச்சு!

விளைவு என்ன? பொய்யை வேலியாகக் கொண்ட குடியரசை வலியவன் எளிதாகத் தாண்டினான். சகுனத்தை மிதித்த சீசர் சட்ட நெறியையும் மிதித்தார். கி.மு. 27இல் அகஸ்டஸ் ஆட்சியில் அமர்ந்தார். குடியரசு பெயரளவில் நின்றது.

சிசரோவின் நூலுக்கு நேர்ந்ததும் வேடிக்கையே. தோலில் எழுதிய அவர் எழுத்தை அழித்து, அதன்மேல் அகஸ்டின் பாதிரியாரின் சங்கீத உரையை எழுதி வைத்தனர்! 1819இல் வாத்திகன் நூலகத்தில் ஆஞ்செலோ மாய் என்பவர்தாம் அடியில் மறைந்து கிடந்த குடியரசைக் கண்டெடுத்தார்.

தோழர்களே! வேதமோ விண்மீனோ மறைத்து நிற்கும் இடமெல்லாம், அதன் அடியிலே மக்களின் உரிமை மங்கிக் கிடக்கிறது. ஆள்வோரின் முடிவு எதுவாயினும், ‘காரணம் என்ன?’ என்று கடைக்கோடி மனிதனும் கேட்டிட முடிந்தால்தான் அது குடியரசு!