பன்னிரண்டு மணி நேரப் பணியும் நோயாளியின் பாதுகாப்பும்

எட்டு மணி நேரமாக இருந்த செவிலியரின் ஒரு ஷிப்ட்டைப் பன்னிரண்டு மணி நேரமாக நீட்டி, வாரத்தில் மூன்று நாள் வேலை, நான்கு நாள் விடுப்பு என்று அமைத்துக்கொள்ளும் வழக்கம், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்த ஆண்டுகளில், அமெரிக்க மருத்துவமனைகளில் வேரூன்றியது. இதை நிர்வாகங்கள் திணித்த ஏற்பாடு என்று மட்டும் கருதுவது சரியாகாது. பயணமும் பிள்ளை வளர்ப்புச் செலவும் குறைவதால் செவிலியரே பெரிதும் விரும்பி ஏற்றுக்கொண்டதாலேயே அது நிலைத்தது.

நோயாளியின் நலன் நோக்கில் இதற்குச் சொல்லப்படும் வலுவான நியாயம் பணி ஒப்படைப்பைப் பற்றியது. வேலை முடித்துச் செல்பவர் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்து வருபவரிடம் விளக்கிவிட்டுச் செல்லும் இந்த நடைமுறை, எட்டு மணி நேர முறையில் நாளொன்றுக்கு மூன்று முறை நிகழ்கிறது. பன்னிரண்டு மணி நேர முறையில் இரண்டு முறையே நிகழ்கிறது. அறுவைச் சிகிச்சை முடிந்தவரின் வடிகுழாயில் காலையில் இருந்ததைவிட ரத்தம் சற்றுக் கூடுதலாக வருகிறது என்பது போன்ற, எண்ணாகப் பதிவாகாத செய்திகள் கைமாறும்போது விடுபட்டுப்போவது உண்மையே. ஆயினும், எண்ணிக்கையில் குறைந்த அந்த ஒப்படைப்பை நடத்துபவர் பன்னிரண்டு மணி நேரம் நின்று ஓய்ந்தவர் என்பதையும் கணக்கில் கொண்டால், இந்த ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

வேலை நேரத்தின் நீளத்துக்கும் பிழைகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வாளர் ஆன் ராஜர்ஸ் தலைமையிலான குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு முதன்மையானது. 393 செவிலியர் தத்தம் வேலை நேரத்தையும் பிழைகளையும் குறிப்பேட்டில் எழுதிவர, 5,317 ஷிப்ட்டுகளின் பதிவுகள் கிடைத்தன. பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட ஷிப்ட்டுகளில் பிழை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. பிழைகளில் பாதிக்கு மேல் மருந்து கொடுப்பதில் நேர்ந்தவை. செவிலியர் தாமே எழுதிய பதிவு என்பது இவ்வாய்வின் குறைதான். ஆனால் களைத்தவருக்குத் தம் பிழையே கண்ணில் படாமல் போகலாம் என்பதால், உண்மை அளவு இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குறித்த நேரத்தில் வேலையை விட்டுக் கிளம்ப முடிந்த நாள்கள் சொற்பமே என்று அதே ஆய்வு காட்டியது இன்னும் முக்கியமானது. எட்டு மணி நேர ஷிப்ட் ஒரு மணி நேரம் நீண்டால் ஒன்பதோடு நிற்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் அதே அளவு நீண்டால் அபாய எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே இவ்வழக்கத்தின் அடிப்படைக் குறை அதன் நீளத்தைவிட, தாமதத்துக்குச் சிறிதும் இடம் வைக்காத அதன் அமைப்பில் இருக்கிறது எனலாம்.

அந்தத் தாமதம் ஏன் நேர்கிறது என்று பார்த்தால், கேள்வி ஆள் எண்ணிக்கைக்குத் திரும்புகிறது. ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவைச் சிகிச்சை பெற்றவர் முப்பது நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. சிக்கல் தோன்றியும் தக்க நேரத்தில் கண்டு காப்பாற்ற இயலாமல் போகும் ‘மீட்கத் தவறுதல்’ என்னும் நிலையும் அதே அளவில் மிகுந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வேயன்றிக் காரணத்தை நிறுவும் ஆய்வன்று என்ற எதிர்வாதம் முறையானதே. எனினும், நாடித்துடிப்பும் மூச்சும் மெல்ல மாறுவதை முதலில் காணக்கூடியவர் படுக்கையருகே இருப்பவரே என்பதால், இந்தத் தொடர்பு எதிர்பாராததன்று.

கலிஃபோர்னியா 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் செவிலியர்-நோயாளி விகிதத்தைக் கட்டாயமாக்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நோயாளிகளும், பொது மருத்துவ, அறுவைச் சிகிச்சை வார்டுகளில் முதலில் ஆறும் 2005 முதல் ஐந்தும் என உச்சவரம்பு வகுக்கப்பட்டது. இவ்விகிதம் எந்நேரமும் காக்கப்பட வேண்டும் என்றதே விதியின் கூர்மையான பகுதி: செவிலியர் ஒருவர் உணவுக்குச் செல்லும்போது அவருடைய ஐந்து பேரையும் பக்கத்து வார்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக முடியாது, மாற்று ஆள் வந்தாக வேண்டும். மருத்துவமனைகளின் சங்கம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தோற்றது. எனினும் வார்டிலுள்ள உரிமம் பெற்ற செவிலியரில் பாதிப் பேர் வரை, குறைந்த பயிற்சியும் குறுகிய அதிகாரமும் உடைய துணைநிலைச் செவிலியராக இருக்கலாம் என்ற சலுகை, எண்ணிக்கையைக் காத்துத் திறனை நீர்த்துப்போகச் செய்ய வழிவிடுகிறது. ஒரு செவிலியரின் ஐந்து நோயாளிகளும் ஒரே அளவு நோயுற்றவர் அல்லர் என்ற பழைய குறைபாடும் முற்றிலும் தீரவில்லை.

விகிதம் ஆள்களை எண்ணுகிறதே தவிர, அந்த ஆள் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று பார்ப்பதில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கும், ஏழு நாளில் 60 மணி நேரத்துக்கும் மேல், விரும்பிச் செய்யும் கூடுதல் வேலையையும் சேர்த்து, செவிலியர் நோயாளிகளைப் பராமரிக்கக் கூடாது என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் தன் அறிக்கையில் பரிந்துரைத்தது 2004இல்தான். பல மாநிலங்கள் பின்னர் தடுத்தது நிர்வாகம் வற்புறுத்தும் கூடுதல் நேரத்தை மட்டுமே. நான்கு நாள் விடுப்பில் வேறொரு மருத்துவமனையில் மூன்று ஷிப்ட் பார்க்கும் செவிலியரின் வாரக் கணக்கு, இரு மருத்துவமனைகளின் வருகைப் பதிவேட்டிலும் அந்த வரம்புக்கு உட்பட்டதாகவே தெரியும்; இரண்டையும் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு அவ்விரு நிர்வாகங்களில் எதனிடமும் இல்லை.