கொடுத்தவரும் கூட இருந்தவரும்

ஓவியர், எழுத்தாளர் முதலியோரைச் சில வாரங்களோ மாதங்களோ ஓரிடத்தில் தங்கவைத்து, உணவும் உதவித்தொகையும் அளித்துப் படைப்பில் ஈடுபடச் செய்யும் திட்டங்கள் இன்று உலகெங்கும் பெருகியுள்ளன. கலைஞர் உறைவிடத் திட்டங்கள் என இவற்றைக் குறிப்பிடலாம். இவை பற்றி எழுதுவோர் தங்கிய கலைஞரைப் பேசுவர். பொருள் தந்தவரின் பெயரையும் சொல்வர். இவ்விருவருக்கும் இடையே நின்று அதனை நடத்துவோரைக் கருதுவார் அரியர்.

சீறாப்புராணம் தோன்றிய வரலாற்றையும் நம்மவர் பெரும்பாலும் வள்ளல்களின் வரலாறாகவே சொல்லி வருகின்றனர். கீழக்கரைச் சீதக்காதி பணிக்க, உமறுப் புலவர் பாடத் தொடங்கினார். நூல் முற்றுமுன் வள்ளல் மறையவே, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். காப்பியத்தினுள்ளேயே அவர் புகழ் பாடப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஆயினும் பொருள் மட்டும் அந்நூலை ஆக்கிவிடவில்லை. அரபு மூலங்களில் உள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ்ப் புலவருக்கு அமர்ந்து விளக்க ஆள் வேண்டியிருந்தது. சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் முதலில் உமறுவின் தோற்றத்தைக் கண்டு மறுத்தார்கள் என்றும், பின்னர் இணங்கினார்கள் என்றும், பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியார் வேண்டிய செய்திகளைத் தந்து உதவினார் என்றும் மரபு கூறும். மறுப்பை மட்டும் எடுத்துச் சுவைபடப் பேசும் மேடைகள் உண்டு. மறுத்த பேரறிஞரே மனம் நெகிழ்ந்தார் என்பதன்றோ அதில் நாம் கொள்ளத்தக்கது! லெப்பை அலி ஹாஜியாரை நீக்கிப் பார்த்தால், புலவருக்கு எஞ்சியிருப்பது உண்டியும் உறையுளுமே.

எங்கள் கோரிப்பாளையத்திலிருந்து வைகைப் பாலத்தைக் கடந்தால் சிறு தொலைவில் மதுரைத் தமிழ்ச் சங்கம் உள்ளது. 1901இல் அதனை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கொடையோடு நிற்கவில்லை. நூலகம் கண்டார், 1902இல் 'செந்தமிழ்' இதழைத் தொடங்கச் செய்தார், புலவர்களைக் கூட்டினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் அச்சங்கத்தின் மீது புலவராற்றுப்படை பாடினார். பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. நாவலரோ புலவர் கூடும் அவையை நோக்கி வழிப்படுத்தினார். 1911இல் தேவர் மறைந்த பின்னும் சங்கம் நின்றது.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த கலைஞர்களும் அமைத்த சோழமண்டலக் கலைஞர் கிராமம் வேறொரு வழி. அங்கு வள்ளல் இல்லை. பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கித் தாமே நிர்வாகிகளாயினர். அரை நாள் கைவினைக்குப் போயிற்றே என வருந்துவோர் இருக்கலாம். ஆனால் ஓவியரின் அண்டை வீட்டார் ஓவியர். ஐயம் எழுந்தால் கேட்க வேலியைத் தாண்டினால் போதும்.

இன்றைய திட்டங்கள் பலவற்றில் குறைவது இதுவே. அரபு எழுத்தணியில் நாட்டமுள்ள என் மாணவர் ஒருவர் வெளியூரில் ஒரு மாதம் அவ்வாறு தங்கிவந்தார். அறை நன்று, உணவு நன்று என்றார். கூஃபி எழுத்தின் கோணங்களைப் பற்றிக் கேட்டறிய ஒருவரும் இல்லையாம். புறப்படும் நாளில் அறிக்கை மட்டும் தவறாது கேட்டு வாங்கியிருக்கின்றனர்.

அவர்களைக் குறை கூறுமுன் நம் வீட்டைப் பார்க்க வேண்டியுள்ளது. அரபிக் கல்லூரிகளில் அறைகள் உள்ளன, சமையற்கூடம் உள்ளது, குதுப்கானாவில் அரபுத் தமிழ் நூல்கள் உறங்குகின்றன, விளக்கிச் சொல்ல ஆலிம்களும் உளர். ஷஃபான் நடுவிலிருந்து ஷவ்வால் வரை அவ்வறைகள் பூட்டியே கிடக்கின்றன. அங்கு வந்து தங்கலாமா என்று அம்மாணவர் கேட்டபோது, நிர்வாகம் ஒப்பாது என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன். நிர்வாகத்திடம் நான் கேட்கவே இல்லை.