அவமானம் ஆடும் சூதாட்டம்

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' பற்றி நம்மவர் பேசுமளவுக்கு, 1875 இல் வெளிவந்த அவரது 'பதின்ம வயதினன்' பற்றிப் பேசுவதில்லை. நாவலில் குறைகள் உண்டு. மறைத்துவைத்த கடிதம், மிரட்டல், சதி எனக் கதை அளவுக்கு மீறிச் சிக்கலாகிறது. ஆயினும், கட்டிளமைப் பருவத்துப் பிள்ளையொன்று ஒரு பழக்கத்தை விடமுடியாமல் பற்றிக்கொள்வது ஏன் என்பதை இத்தனை நுணுக்கமாகச் சொன்ன வேறொரு புனைகதையை நான் வாசித்ததில்லை.

நிலப்பிரபு வெர்ஸிலோவுக்கும் பண்ணையடிமைப் பெண்ணுக்கும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவன் அர்க்காதி. பிறர் வீடுகளில் வளர்ந்தவன். விடுதிப் பள்ளியில் ஏவலாள்போல நடத்தப்பட்டவன். றொத்ஸ்சைல்ட் போலச் செல்வந்தனாக வேண்டும் என்ற எண்ணம் அவனை ஆட்கொள்கிறது. அதற்காகத் தன்னைப் பரீட்சித்து, தந்த சூப்பை இரகசியமாகக் கொட்டிவிட்டு ஒரு மாதம் பாணும் தண்ணீருமாக வாழ்கிறான். அதே பையன்தான் பத்தொன்பது வயதில், மனம் பதறாமலிருந்தால் வெல்லலாம் என நம்பி ரூலெட் மேசையில் பணத்தை இறைக்கிறான். முன்னதை நாம் வைராக்கியம் என்று மெச்சுவோம்; பின்னதைச் சீரழிவு என்போம். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதுதான் நாவலின் கண்டுபிடிப்பு.

அந்த வேரை ஆசிரியர் உபதேசமாகச் சொல்லவில்லை. செய்யாத திருட்டைச் சுமத்திச் சூதாட்ட விடுதியிலிருந்து துரத்தப்பட்டவன், பனியில் விறைத்துக் கிடக்கையில் பள்ளி நாளொன்றை நினைக்கிறான். பார்க்க வந்த ஏழைத் தாயைக் கண்டு வெட்கிய நாள் அது. கைக்குட்டையில் முடிந்து அவள் தந்த சில்லறை நினைவுக்கு வருகிறது. சூதின் தோல்வி அவனைப் பழைய அவமானத்திடமே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

1871 வரை ரூலெட்டிலிருந்து மீளமுடியாதிருந்தவர் தஸ்தயேவ்ஸ்கி. பிராய்டு 1928 இல் வெளியிட்ட கட்டுரையில் அச்சூதாட்டத்தைக் குற்றவுணர்வின் சுயதண்டனையாகக் கண்டார். அர்க்காதியிடம் எனக்குத் தெரிவது குற்றவுணர்வைவிட வெட்கமே. குற்றவுணர்வு செய்ததற்காக வருந்தும். வெட்கமோ பிறந்ததற்காகவே வருந்தும்.

2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு, சூதாட்டத்தையும் டிஜிட்டல் விளையாட்டையும் அடிமைப்படுத்தும் நடத்தைகள் என ஒரே பிரிவில் வைக்கிறது. கைத்தொலைபேசியை விடாத பிள்ளை நம் கதைகளுக்குள்ளும் வந்துவிட்டான். ஆனால் அக்கதைகளில் கூடாத கூட்டாளிமார் கெடுக்கிறார்கள். வாப்பாவின் கண்ணீர் கடைசிப் பக்கத்தில் திருத்திவிடுகிறது. அந்தப் பிள்ளை எதை மறக்க விளையாடுகிறான் என்று கதாசிரியர் கேட்பதில்லை. அதைக் கேட்காத கதை, எத்தனை நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், அவனை இன்னொரு முறை வெட்கப்படுத்துவதாகவே முடிகிறது.